எந்தக் கடிதம் வரை வனஜா

இப்போது யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. புனே வாகடில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி லிஃப்டில் ஆறு பேர் ஏறினால் ஆறு பேரும் கையில் இருக்கிற போனைப் பார்த்தபடி ஏறி, பார்த்தபடி இறங்குவார்கள். நான் எந்த மாடி, வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, ஒருத்தரும் கேட்டது கிடையாது. என் வீட்டுக்காரியை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கீழே இறக்கியபோது மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்றது. வாட்டசாட்டமாக ஒருத்தன் எட்டிப் பார்த்து, "சாரி அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் படி வழியாக இறங்கிப் போனான். இந்தக் காலத்து விசாரிப்பு அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் மட்டும்தான் கேட்கிறது, நீ யார் என்று. அதற்கும் ஒரு தடவை பதில் சொன்னால் போதும். அப்புறம் அவன் சொன்னதை இவனும், இவன் சொன்னதை இன்னொருத்தனும் நம்பிக்கொள்கிறார்கள். ஆளை யாரும் பார்ப்பதில்லை. இது சரியாக வராது என்று நான் முதல் நாளே சொன்னேன்.

என் பேர் ஏகாம்பரம். படித்தது எட்டு. பிறந்தது ஜோலார்பேட்டை. புனேவிலிருந்து மீரஜ் போகிற ஒற்றை லைனில் முப்பத்திரண்டு வருஷம் பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்த்து, கோர்படி ரயில்வே காலனியில் ரிட்டயர் ஆனேன். ஒற்றை லைன் என்றால் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி ஏறிவிடக் கூடாது. அதற்காகத்தான் கோலா. கைக்கு அடங்குகிற ஓர் இரும்பு உருண்டை, அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன் இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து கோலா வெளியே வந்துவிட்டால், அது திரும்ப ஒரு பெட்டிக்குள் போய் விழுகிற வரைக்கும் இரண்டு பெட்டியும் அடுத்ததைக் கொடுக்காது. கோலாவை ஒரு வளையத்தில் கோத்த தோல்பையில் போட்டு டிரைவர் கையில் சேர்ப்பது என் வேலை. நிற்காத வண்டிக்குப் பிளாட்பாரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். ஓடுகிற வண்டியிலிருந்து கையை விட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். டிரைவர் நல்லவனா, கெட்டவனா, யாரும் கேட்க மாட்டார்கள். கோலா அவன் கையில் இருந்தால் லைன் அவனுடையது. ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் இருக்கிற ஒரு செக்ஷனுடைய கோலா அடுத்த செக்ஷன் பெட்டிக்குள் நுழையாது.

எங்களுக்கு ஒரே மகள், ஸ்ரீவித்யா. ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை. அவள் ஆபீசுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்றுதான் வாகடில் வீடு வாங்கினேன். வந்த எட்டாம் மாதம், 2003இல், கூட வேலை பார்த்த கோயம்புத்தூர்க்காரன் ஜோஷுவாவைக் கட்டிக்கொண்டு நியூசிலாந்துக்குப் போய்விட்டாள். அவன் வேறு மதம் என்பதற்காக மட்டும் எனக்குக் கோபம் இல்லை. அதுவும்தான். ஆனால் அவள் என்னைக் கேட்கவில்லை, தகவலாகச் சொன்னாள். இந்த வாசலை மிதிக்காதே என்றேன். வீட்டு டெலிபோனைத் துண்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். வனஜா ஒன்றும் பேசவில்லை. அவள் ஒன்றும் பேசாத பொம்பளை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து எதிர் வீட்டில் ப்ரீதி என்று சென்னைப் பெண் ஒன்று குடிவந்தது. புருஷன் வேலைக்குப் போனதும் வனஜாவிடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர்கள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை எங்கள் ஹாலில் கொண்டுவந்து மாட்டி, கேபிள்காரனிடம் நெட்டும் வாங்கிக் கொடுத்தது. சமையல் குறிப்பு பார்க்கலாம் ஆன்ட்டி என்று சொல்லித்தான் ஆரம்பித்தது. நான் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு ஆன்ட்டி. மெயிலுக்குத் தனியா, போட்டோவுக்குத் தனியா, சமையல் குரூப்புக்குத் தனியான்னு வேண்டாம். எல்லாம் ஒரே வீடு. வாசல்ல ஒரு தடவை சாவி போட்டா எல்லா ரூமும் தெறந்திருக்கும்."

"ஒரு ரூம்லருந்து வெளிய வந்துட்டா?" என்று நான் கேட்டேன்.

"வாசல் வழியா வெளிய வரணும் அங்கிள். ரூம்ல லைட்டை அணைச்சா வாசல் பூட்டிக்காது."

நல்ல லட்சணம் என்றேன். வனஜா அந்தப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே, "அவர் அப்படித்தான். பால்காரன் ஊத்தும்போது பாலைப் பாக்க மாட்டார், அவன் கட்டைவிரலைத்தான் பாப்பார்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ப்ரீதி அவளுக்கு எல்லாம் செய்து கொடுத்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்கச் சொல்லிக் கொடுத்தது. வனஜாவைச் சுவரோரம் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்து அந்தப் பேரோடு ஒட்டியது. நாலு பேருக்கு நம்மைத் தெரிகிற மாதிரி நண்பர்கள் பக்கம் ஒன்றும் போட்டுக் கொடுத்தது. அதற்கும் அதே பேர்தான். அடுத்த வருஷம் பெங்களூருக்கு மாற்றலாகிப் போய்விட்டது.

வனஜா செய்த தப்பு இதுதான். சமையல் குரூப்பிலிருந்து வெளியே வந்தால் எல்லாவற்றிலிருந்தும் வெளியே வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். 2006 ஐப்பசியில் ஒரு நாள் அவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். ஜோலார்பேட்டை வண்டிக்கு நேரம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எதையோ அழுத்தினேன். அவள் பேரில் மெயில் திறந்துகொண்டது. வரிசையாக ஸ்ரீவித்யா, ஸ்ரீவித்யா என்று இருந்தது. நான் பூட்டை உடைக்கவில்லை. அதை முதலில் எழுதி வைக்கிறேன்.

அப்புறம் ஒன்றரை வருஷம் படித்தேன். அவள் கடைக்குப் போகும்போது, கோயிலுக்குப் போகும்போது. மகள் எந்த வீட்டில் இருக்கிறாள், ஜன்னலுக்கு வெளியே என்ன மரம், அவன் என்ன சமைக்கிறான், எல்லாம் எனக்குத் தெரியும். குழந்தை பிறந்தது தெரியும். அதற்கு ருக்மிணி என்று என் அம்மா பேரை வைத்ததும் தெரியும். அன்றைக்கு வனஜா பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்றேன். பால் மிஞ்சிப் போச்சு என்றாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். சொல்வாள், சொல்வாள் என்று ராத்திரிச் சாப்பாடு வரை காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் எண்ணம். என் வீட்டில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நடந்தது. அதில் எனக்கு மட்டும் இடம் இல்லை.

2008 தை மாதம் வனஜாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். முற்றிப்போய்விட்டது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். மாசி பிறந்து சில நாளில் ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. வித்யாவுக்கு நான் எழுதிட்டிருக்கேன். மூணு வருஷமா."

அப்படியா என்றேன்.

"நான் சொல்லச் சொன்னேன்னு வரச் சொல்லி எழுதுங்க. ஒரு தடவை பாத்துடறேன்."

பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். ப்ரீதி சத்தமாகச் சொல்லிக் கொடுத்த நாளிலேயே எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் மருந்துச் சீட்டுக்குப் பின்னால் புதுசாகக் கேட்கிறவன் மாதிரி எழுதிக்கொண்டேன். அடுத்த நாள் எழுதினீங்களா என்றாள். ஆச்சு என்றேன். அதற்கடுத்த நாள் பதில் வந்ததா என்றாள். வரவில்லை என்றேன். அது பொய் இல்லை. நான் எழுதவே இல்லை. எழுதாத கடிதத்துக்கு எங்கிருந்து பதில் வரும். தினமும் கேட்டாள். தினமும் அதையே சொன்னேன். எட்டாம் நாள், "அவ பதில் போடாம இருக்கறவ இல்லையே" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்கவில்லை. மார்ச் இரண்டாம் தேதி காலை ஏழு மணிக்குப் போய்விட்டாள்.

ஜோலார்பேட்டையிலிருந்து வந்தவர்கள், மகளுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டார்கள். சொல்லியாச்சு, உடனே கிளம்ப முடியாத நிலை என்றேன். அவர்கள் யாரிடமும் அவள் விலாசம் கிடையாது. காரியம் முடிந்து எல்லாரும் போனார்கள். பதினேழாம் நாள் கம்ப்யூட்டரைப் போட்டேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போட்டேன், சத்தியமாக. அங்கே ஒரு கடிதம் இருந்தது. 'ம்மா, என்னம்மா சத்தத்தையே காணோம், வயிறு இப்ப தேவலையா' என்று.

நல்லா இருக்கேன் கண்ணு என்று அடித்தேன். வனஜா அப்படித்தான் ஆரம்பிப்பாள். ரொம்பச் சுலபமாக இருந்தது.

பதினைந்து மாதம் எழுதினேன். கையெழுத்துக் கடிதமாக இருந்தால் முதல் நாளே பிடித்திருப்பாள். இதில் எல்லார் எழுத்தும் ஒன்றுதான். யார் போனிலும் கூப்பிடாதே, அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்பது வனஜா போட்ட விதி. அது அப்படியே எனக்கு ஒத்தாசையாக இருந்தது. வாராவாரம் என்ன எழுதுவாள், எங்கே நிறுத்துவாள், எதைக் கேட்டால் பேச்சை மாற்றுவாள், எல்லாம் பழைய கடிதங்களில் இருந்தது. குழந்தைக்கு ரசம் எப்படி வைப்பது என்று மகள் கேட்டால் சமையல் குரூப்புக்குள் போவேன். வனஜா தன் கையால் அங்கே போட்டு வைத்த குறிப்பு இருக்கும். கதவு திறந்தே இருந்தது. போட்டோ ரூமில் கோர்படி வீட்டுப் படங்களெல்லாம் இருந்தன. முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியாத வனஜா அங்கே இருந்தாள். நாலு பேரோடு கேலி பேசி, பூண்டுக் குழம்புக்குச் சண்டை போட்டிருந்தாள். அதையெல்லாம் படித்துத்தான் நான் அவள் மாதிரி எழுதக் கற்றுக்கொண்டேன். உயிரோடு இருந்தபோது அவளை இவ்வளவு கவனித்ததில்லை.

சித்திரையில் வித்யாவுக்கு வயிற்றில் இருந்த இரண்டாவது குழந்தை நாலாம் மாதம் கலைந்துபோனது. 'எனக்கு யாரோடயும் பேசப் பிடிக்கலம்மா, நீ மட்டும் ஏதாவது சொல்லு' என்று எழுதியிருந்தாள். பழைய கடிதம் எதிலும் இதற்கு வழி இல்லை. மூன்று நாள் யோசித்தேன். அப்புறம் எழுதினேன். உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தான் என்று எழுதினேன். 1974இல், நீரா ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில், பதினோரு நாள் இருந்தான். ஒரு நாள் விடிகிறபோது பார்த்தால் சில்லென்று கிடந்தான். மாற்றாள் வரவில்லை என்பதால் உங்கப்பா பத்து மணி வண்டிக்குப் போய் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நின்றார். வண்டி போன பிறகும் கையைக் கீழே இறக்கத் தெரியாமல் நின்றார். அன்றைக்குத் திட்டினேன், மனுஷனா நீ என்று. அவருக்கு வேறு என்ன செய்யத் தெரியும். அந்தப் பிள்ளையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் அப்புறம் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. நீ உன் ஆளோடு பேசு, எங்களை மாதிரி இருக்காதே. இப்படி எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அடித்து முடிக்க ஒரு பகல் ஆயிற்று.

அவள் பதில் எழுதினாள். 'இதை எனக்கு ஏம்மா இத்தனை நாள் சொல்லல. அப்பாவை நெனச்சா பாவமா இருக்கும்மா' என்று.

அதற்குப் பிறகு கடிதங்களில் நானும் கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்தேன். அப்பா இப்போதெல்லாம் கத்துவதில்லை என்று எழுதினேன். நேற்று டி.வி.யில் நியூசிலாந்து மேட்ச் போட்டபோது கூட்டத்தில் உன் முகம் தெரியுமா என்று பார்த்தார் என்று எழுதினேன். 'அவர்கிட்ட சொல்லும்மா, எனக்குக் கோவம் இல்லைன்னு' என்று ஒரு தரம் எழுதினாள். சொல்லிட்டேன் கண்ணு, அழுதார் என்று பதில் போட்டேன். அதுவும் உண்மைதான்.

பிசகியது எங்கே என்றால், எங்கள் பென்ஷன்தாரர் சங்கத்தில். கோர்படியில் ஓர் அறையில் நடக்கிறது. செயலாளர் மாடசாமி, நீராவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், திருநெல்வேலிக்காரர். வருஷாவருஷம் கூட்டத்தில், செத்துப்போனவர்கள் பேரை, குடும்பத்தையும் சேர்த்து, வாசித்து எல்லாரும் எழுந்து நிற்பார்கள். வனஜா பேரும் வரவேண்டும் என்று எனக்கு இருந்தது. எங்காவது ஓர் இடத்தில் அவள் செத்தவளாக இருக்க வேண்டாமா. 2009 ஆனியில் மாடசாமியிடம் சொன்னேன். இப்போது சங்கத்துக்கு வெப்சைட் வந்துவிட்டது, வீட்டுக்காரர்களே அதில் போட்டுவிட வேண்டும் என்றார். எனக்கு அதில் பேரும் கிடையாது, ஒன்றும் கிடையாது என்றேன்.

"உம்ம வீட்டுல மெயில் இருக்குல்லா? போதும்வே. புதுசாப் பேரு, பாஸ்வேர்டு ஒண்ணும் வேண்டாம். அந்த மெயில்காரன் பேருல ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கும். நம்ம சைட்டு அவன்கிட்ட போயிக் கேக்கும், வந்திருக்கிறது யாருன்னு. அவன் ஒரு டோக்கன் குடுப்பான். அதைப் பாத்துட்டு நம்ம சைட்டு உள்ள விட்டுரும். பாஸ்வேர்டை நமக்குக் காட்டவே மாட்டான். நம்ம கோலா மாதிரிதாம்வே."

"நீரா கோலா ஜேஜூரி ஸ்டேஷன் பெட்டியில போகுமா?"

"போவாது."

"இது மட்டும் எப்படிப் போகுது?"

"அதாம்வே இதுல வசதி" என்று மாடசாமி என் முதுகில் தட்டினார்.

வீட்டுக்கு வந்து பட்டனை அழுத்தினேன். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் உள்ளே விட்டது. மேலே வனஜா பேரும் சுவரோரம் நிற்கிற அவள் போட்டோவும் வந்தது. செத்தவள் அவள்தானே, சங்கத்துக்காரர்கள் முன்கூட்டியே அவள் பேரில் தாளைத் தயார் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மாடசாமி நல்ல ஆள் என்றுகூட நினைத்தேன். ஏகாம்பரம் மனைவி வனஜா 2008 மார்ச் இரண்டாம் தேதி காலமானாள் என்று அடித்தேன். கீழே ஒரு சின்னக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. உங்கள் நண்பர்களுக்கும் தெரிவிக்கவா என்று அதற்கு அர்த்தமாம். அப்புறம்தான் தெரிந்தது.

அந்தப் பட்டன் எனக்காகக் கதவைத் திறக்கவில்லை. வந்திருப்பது வனஜா என்று மெயில்காரன் சொல்ல, சங்கம் நம்பியது. வனஜா எழுதியிருக்கிறாள் என்று சங்கம் சொல்ல, ப்ரீதி போட்டுக் கொடுத்த அந்த நண்பர்கள் பக்கம் நம்பியது. அந்தப் பக்கத்தில் வித்யாவும் இருந்தாள். நியூசிலாந்தில் என் மகள் காலையில் எழுந்து பார்த்தபோது, சிரித்துக்கொண்டிருக்கிற அவள் அம்மா போட்டோவுக்குப் பக்கத்தில், அம்மாவே தன் சாவைச் சொல்லியிருந்தாள்.

இரண்டு கடிதம் வந்தது. முதலாவது, 'ம்மா, இது என்ன?' நாலு நிமிஷம் கழித்து இன்னொன்று. 'யார் நீங்க?'

இரண்டுக்கும் நான் பதில் எழுதவில்லை. நாலு வருஷத்தில் அவளுக்குப் பதில் போகாத கடிதங்கள் இவை இரண்டும்தான்.

போன வாரம் ஜோஷுவா வந்தான். அவள் வரவில்லை. வாகட் வீட்டுக்கு வர அவனுக்கும் இஷ்டமில்லை போலிருக்கிறது. மாடசாமி மூலம் சொல்லியனுப்பி, சங்க அறையில் உட்கார்ந்தோம். மாமா என்று ஆரம்பித்தான். ஏகாம்பரம் என்றே சொல்லலாம் என்றேன். அப்புறம் சார் என்றான். ஆள் மெலிந்து தாடி விட்டிருந்தான். பையிலிருந்து இரண்டு கட்டுத் தாளை எடுத்து மேஜை மேல் வைத்தான். நாலு வருஷக் கடிதங்கள். பக்கத்தில் ஒரு பென்சில்.

வித்யா வேலைக்குப் போவதில்லை என்றான். ருக்மிணியைக்கூட அவன்தான் குளிப்பாட்டுகிறானாம். அவள் இந்தத் தாள்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, இது அம்மாவா, இது அம்மாவா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். என்னைத் திட்டச் சொல்லி அவள் அனுப்பவில்லை, போலீசுக்குப் போகப் போவதில்லை என்றான். அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும்.

"எந்த லெட்டர் வரைக்கும் அவங்கம்மாங்க? நீங்க எழுதுனதுல மட்டும் ஒரு கோடு போட்டுருங்க. போதுங்க."

நியாயமான கேள்விதான். பென்சிலை எடுத்தேன். மார்ச் இரண்டாம் தேதிக்கு அப்புறம் இருந்ததை அவனே ஒரு தனிக் கட்டாகக் கட்டி வைத்திருந்தான். நான் அதைத் தொடாமல் முதல் கட்டை எடுத்துப் புரட்டினேன். பிப்ரவரி நாலாம் தேதிக் கடிதத்தில் ஒரு கோடு போட்டேன்.

அவன் தாள் மேல் கையை வைத்தான். "சார், இது அவங்க உயிரோட இருந்தப்பங்க."

ஆமாம் என்றேன். அதைப் பற்றி மேலே எழுத விட்டுப்போயிற்று. வயிறு சரியில்லை என்று வனஜா ஜனவரியிலேயே மகளுக்கு எழுதியிருந்தாள். வித்யா மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டு, பதினெட்டாம் தேதி வருகிறோம் என்று எழுதியிருந்தாள். வனஜா அப்போது ஆஸ்பத்திரியில், டிக்கெட் விஷயம் அவளுக்குத் தெரியாது. நான் வனஜாவாக எழுதினேன். 'வராதே கண்ணு, டாக்டர் ஒண்ணும் இல்லைன்னுட்டார், அப்பாவுக்குத் தெரிஞ்சா ரகளை ஆயிடும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.' அவள் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள். இதெல்லாம் நடந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வனஜா என் கையைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்று கேட்டாள். காரணம் கேட்டால் காரணம் சாதாரணம்தான். அவர்கள் வந்து வாசலில் நின்றால் நான் கதவைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் திறக்கக் கூடாது. இரண்டுமே எனக்கு முடியாது. வாசலை மிதிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். சொன்ன வார்த்தைக்கு ஒரு மரியாதை வேண்டும்.

ஜோஷுவா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். சத்தம் போடுவான் என்று நினைத்தேன். ரயில் ஒன்று போகிற வரைக்கும் அங்கேயே நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தான். நான் இரண்டாவது கட்டில் ஒவ்வொன்றாகக் கோடு போட ஆரம்பித்தேன். ரசம் கடிதம், மேட்ச் கடிதம், அப்பா அழுதார் என்ற கடிதம். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். மடிப்பெல்லாம் கிழிகிற மாதிரி இருந்தது.

நீராவில் செத்த பிள்ளையைப் பற்றிய கடிதம்.

"சார், இது ஒண்ணை மட்டும் அவங்கம்மா எழுதுனதுன்னு சொல்லீருங்க" என்றான். "குழந்தை போனப்ப அவளை எழுப்பி உக்கார வெச்சது இதுதானுங்க. நான் கெளம்பற நாள் வரைக்கும் இதை வெச்சுட்டுத்தான் தூங்குனா. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில அவங்க சொல்லச் சொல்ல நீங்க எழுதி வெச்சிருந்து, அப்புறம் அனுப்புனீங்கன்னு நான் சொல்லிக்கறேன். நீங்க கோடு மட்டும் போடாதீங்க. பொய்யா இருந்தாலும் பரவால்லீங்க."

யோசித்துப் பார்த்தேன். அவன் கேட்டதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வெறுமனே கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தால் போதும். ஆனால் அந்தப் பிள்ளையை நான்தான் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். வண்டிக்கு நின்ற கை என்னுடையது. வனஜா அதை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை, மன்னித்ததும் இல்லை. அந்தக் கடிதத்தில் பேசினது நான். என் மகள் என்னைப் பாவம் என்று சொன்னது அதைப் படித்துத்தான். அதையும் செத்தவள் கணக்கில் எழுதிவிட்டு நான் என்னத்தோடு வீட்டுக்குப் போவது.

"இது நான் எழுதினது" என்று சொல்லி, மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டேன்.

ஜோஷுவா தாளை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பென்சிலை அவன் பக்கம் உருளாமல் வைத்துவிட்டு எழுந்தேன். மாடசாமி வாசலில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும் போலிருக்கிறது, வழி விட்டார். நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன். நடக்க நடக்க யோசித்தேன். அந்தப் பையன் படித்தவன், வெளிநாட்டில் இருக்கிறவன், அவன் இப்படி ஒன்றைக் கேட்கலாமா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. என்ன ஆனாலும், பெற்ற மகளிடம் ஒரு பொய்யைச் சொல்லி அவளை ஏமாற்ற என்னால் ஆகாது.